பொறியாளர் ஆளுநரானால் நாடு உருப்படுமா? வில்லியம் டெனிசனை முன்வைத்து ஒரு விவாதம்

கேள்வி (வாசகர் ஒருவர்), ஜனவரி 15

தேனி மாவட்டத்தில் இன்றும், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுக்கின் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அந்த மரியாதை எந்த ஆளுநருக்காவது கிடைத்திருக்கிறதா? சென்னை மாகாணத்தைப் பிரபுக்களும் சிவில் சர்வீஸ்காரர்களும் ஆளாமல், பென்னிகுக்கைப் போன்ற ஒரு ராணுவப் பொறியாளர் கோட்டையில் உட்கார்ந்து ஆண்டிருந்தால் நம் ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினை அப்போதே தீர்ந்திருக்கும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜனவரி 15, இரவு

அப்படி ஒருவர் உட்கார்ந்து ஆண்டிருக்கிறார். சர் வில்லியம் தாமஸ் டெனிசன், ராயல் இன்ஜினியர்ஸ் படையைச் சேர்ந்தவர், 1861 பிப்ரவரி முதல் 1866 மார்ச் வரை சென்னை மாகாண ஆளுநர். இருபது வயதைத் தொட்டிருந்த பென்னிகுக் சென்னைப் பொறியாளர் படையில் இளம் அதிகாரியாக இங்கே வந்து சேர்ந்ததும் ஏறத்தாழ அதே சமயம்தான். ஆகவே "ஆண்டிருந்தால்" என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை, ஆண்டபோது என்ன நடந்தது என்றே பார்க்கலாம்.

ஜனவரி 16

டெனிசன் பெயரளவில்தான் பொறியாளர், குடும்பச் செல்வாக்கால் பதவி பெற்றவர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதில் பாதிதான் சரி. குடும்பம் செல்வாக்கானது என்பதில் ஐயமில்லை. ஒரு சகோதரர் சாலிஸ்பரியின் பிஷப், இன்னொருவர் பின்னாளில் பிரிட்டிஷ் மக்களவையின் அவைத்தலைவர். ஆனால் டெனிசன் கைகட்டி நின்று வேலை வாங்கிய பொறியாளர் அல்லர். 1804இல் பிறந்து, வூல்விச் ராணுவக் கழகத்தில் பயின்று, 1826இல் படையில் சேர்ந்தார். 1827இலிருந்து நான்கு ஆண்டுகள் கனடாவில் ரிடோ கால்வாய்ப் பணியில் இருந்தார். கிங்ஸ்டனையும் இன்றைய ஒட்டாவாவையும் இணைக்கும் அந்தக் கால்வாயின் நீளம் 202 கிலோமீட்டர். சதுப்பிலும் காட்டிலும் மலேரியாவுக்குத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகப் பலியான வேலை அது. அங்கே இருந்தபோது அமெரிக்க மரவகைகளின் வலிமையைச் சோதித்து அவர் எழுதிய கட்டுரைக்கு லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தின் டெல்ஃபோர்டு பதக்கம் கிடைத்தது. பிறகு சாத்தம் பயிற்சி நிலையத்தில் ஆசிரியர். படையின் தொழில்நுட்பக் கட்டுரைகளைத் தொகுதிகளாக வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவரும் அவரே. அடுத்துக் கடற்படைத் துறைமுகங்களின் கட்டுமானம். 1846இல் சர் பட்டம்.

அதாவது நாற்பத்திரண்டு வயது வரை அவருடைய உலகம் மரமும் கல்லும் தண்ணீரும்தான். அதன் பிறகே மனிதர்களை ஆள அனுப்பப்பட்டார்.

ஜனவரி 17

முதல் பதவி வான் டீமன்ஸ் லேண்ட், அதாவது இன்றைய டாஸ்மேனியா. 1847 ஜனவரியில் ஹோபர்ட்டில் இறங்கினார். இறங்கிய ஆண்டிலேயே நாய்கள் விவகாரம் வந்து சேர்ந்தது.

முந்தைய ஆளுநர் காலத்தில் நாய்களுக்கு உரிமக் கட்டணம் விதிக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருந்தது. நாய் வளர்ப்பவர் ஒருவர் கட்ட மறுத்து வழக்காடினார். அந்தக் காலனியின் சட்டமன்றம் உள்ளூர்த் தேவைகளுக்காக மட்டுமே வரி விதிக்கலாம் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டம் வரையறுத்திருந்தது. இந்தக் கட்டணமோ பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. ஆகவே செல்லாது என்று தலைமை நீதிபதி பெடரும் நீதிபதி மான்டகுவும் 1847 நவம்பரில் தீர்ப்பளித்தார்கள். வெறும் நாய்க் கட்டணம் என்றால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அதே அடிப்படையில் நின்ற மற்ற வருவாய்ச் சட்டங்களும் ஆட்டம் கண்டன. கல்லாப்பெட்டி காலியாகும் நிலை.

டெனிசன் என்ன செய்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. தலைமை நீதிபதியை அழைத்து நீண்ட விடுப்பில் போகச் சொன்னார். பெடர் மறுத்துவிட்டார். மான்டகுவின் மீது கடன் வழக்கு ஒன்று இருந்தது, அதைத் தன் பதவியைக் கொண்டு தடுத்தார் என்ற புகாரும் இருந்தது. அதைக் காரணம் காட்டி அந்த ஆண்டு முடிவதற்குள் அவரைப் பதவிநீக்கம் செய்தார். புதிய நீதிபதி வந்தார், ஐயங்களை நீக்குவதற்கென்றே ஒரு சட்டமும் வந்தது. லண்டனிலிருந்து காலனிகள் துறை அமைச்சர் கிரே பிரபு, பெடரிடம் நடந்துகொண்ட முறைக்காக டெனிசனைக் கடிந்துகொண்டார். ஆனாலும் பதவியில் வைத்துக்கொண்டார்.

விட்டம் விரிசல் விட்டால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது பொறியாளரின் வழக்கம். நீதிபதியையும் அவர் அப்படித்தான் பார்த்தார். தூண் அசைவதாலேயே கட்டடம் நிற்கிறது என்ற நிலைமை நீதிமன்றத்தில் உண்டு, கட்டுமானத்தில் கிடையாது.

ஜனவரி 17, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதை மீண்டும் படிக்கையில் கொஞ்சம் எளிமைப்படுத்திவிட்டதாகத் தோன்றுகிறது. வக்கீலாக இருந்து ஆளுநரானவர்களும் நீதிபதிகளோடு மோதியிருக்கிறார்கள். பொறியாளர் என்பதை விட ராணுவக்காரர் என்பதே இங்கே பொருந்துமோ என்னவோ. இந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஜனவரி 18

அந்தக் காலனியிலேயே இன்னொரு பக்கமும் இருந்தது. டாஸ்மேனியப் பழங்குடியினரில் எஞ்சியவர்களை ஃப்ளிண்டர்ஸ் தீவில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கேயே நோயில் பெரும்பாலோர் மடிந்தார்கள். மிஞ்சியவர்கள் 1846இல் விக்டோரியா அரசிக்கு மனு அனுப்பினார்கள். 1847 அக்டோபரில், ஐம்பதுக்கும் குறைவாக இருந்த அவர்களை டெனிசன் ஹோபர்ட்டுக்குத் தெற்கே உள்ள ஆயிஸ்டர் கோவுக்குக் கொண்டுவந்தார். குடியேறிய வெள்ளையர்கள் கூச்சலிட்டார்கள், அவர் பொருட்படுத்தவில்லை. எதிர்ப்பைப் பொருட்படுத்தாத குணம் இங்கே நல்லதாக முடிந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கொண்டுவந்து வைத்த இடம் கைதிகளுக்கென்று கட்டிய பழைய கட்டடம், ஈரம் சொட்டும் சேற்றுநிலம். அங்கேயும் அவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டே இருந்தார்கள். நிலத்தின் ஈரத்தை அளக்கத் தெரிந்தவர் அதை எப்படித் தேர்ந்தெடுக்க விட்டார் என்பது எனக்குப் புரியவில்லை.

கைதிகளை நாடுகடத்தி அங்கே கொண்டுவந்து இறக்கும் முறையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது 1840இல் நின்றுவிட, சுமை முழுவதும் டாஸ்மேனியாவின் தலையில் விழுந்தது. நிறுத்த வேண்டும் என்று இயக்கமே நடந்தது. டெனிசன் நிறுத்தக் கூடாது என்ற கட்சி. கைதிகள் இல்லாவிட்டால் சாலைக்கும் பாலத்துக்கும் வேலையாள் ஏது என்பது அவர் கணக்கு. 1853இல் லண்டன் அரசே அதை நிறுத்தியபோது தீவு முழுவதும் விழா எடுத்தார்கள். ஆளுநர் கலந்துகொள்ளவில்லை.

ஜனவரி 21

மகன் சிட்னியில் இருப்பதால் டெனிசன் கோட்டையை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆளுநர்மீது எனக்கு ஈடுபாடு வந்ததே அங்கேதான்.

சிட்னித் துறைமுகத்தின் நடுவில் முன்பு ஒரு பாறைத் தீவு இருந்தது. பின்ச்கட் என்று பெயர். தூக்கிலிடப்பட்ட கைதி ஒருவனின் உடலை 1796இல் அங்கே சங்கிலியில் தொங்கவிட்டு, வருகிற கப்பல்களுக்கு எச்சரிக்கையாக வைத்தார்கள். 1839இல் இரண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஓர் இரவில் யாரும் அறியாமல் துறைமுகத்துக்குள் நுழைந்து நங்கூரமிட்டுவிட, விடிந்த பிறகுதான் நகரம் விழித்துக்கொண்டது. அதன்பின் பாறையை வெட்டித் தளமாக்கத் தொடங்கினார்கள், பணமில்லாமல் நிறுத்தினார்கள். டெனிசன் 1855 ஜனவரியில் சிட்னிக்கு ஆளுநராக வந்தார். ரஷ்யாவோடு கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். வேலையை முடுக்கினார். 1857இல் கோட்டை முடிந்தது, அவர் பெயரே அதற்கு நிலைத்தது.

வட்டமான மணற்கல் கோபுரம். சுவரின் அடிப்பகுதி ஆறு மீட்டருக்கும் மேல் பருமன். உள்ளே குறுகிய சுழற்படியில் தோளை ஒடுக்கிக்கொண்டுதான் ஏற முடிகிறது. மேலே பீரங்கி அறையில் மூன்று இரும்புப் பீரங்கிகள் இன்னமும் இருக்கின்றன. அவற்றை எப்படிப் படி வழியே ஏற்றினார்கள் என்று யோசித்தபடி நின்றேன். ஏற்றவே இல்லையாம். சுவர் எழும்பும்போதே பீரங்கிகளை உள்ளே இறக்கி வைத்து, பிறகு மேலே கட்டி மூடியிருக்கிறார்கள். இப்போது கோபுரத்தை இடிக்காமல் அவற்றை வெளியே எடுக்க வழியில்லை. கல்லின் பொருத்து ஒன்றில் கைவிரல் நகத்தை நுழைக்கப் பார்த்தேன், நுழையவில்லை.

கோட்டை முடிவதற்கு முந்தைய ஆண்டே போர் முடிந்துவிட்டது. எந்த ரஷ்யக் கப்பலும் வரவில்லை. 1942இல் ஜப்பானியக் குறு நீர்மூழ்கிகள் துறைமுகத்தில் புகுந்த இரவில், நட்பு நாட்டு அமெரிக்கக் கப்பலான சிகாகோ சுட்ட குண்டுதான் அந்தக் கோபுரத்தில் பட்ட அடி.

ஜனவரி 22

"கோட்டை நிற்கிறதல்லவா, அதுதானே பொறியாளரின் வெற்றி" என்கிறார் கேள்வி கேட்ட நண்பர். கோட்டையை மட்டும் கணக்கில் எடுத்தால் சரி. ரயில்வேயையும் பார்க்க வேண்டும். சிட்னியிலிருந்து பரமட்டா வரை முதல் ரயில் பாதை 1855 செப்டம்பரில் திறக்கப்பட்டது. உள்நாட்டுக்கு நீட்டும்போது, நீராவி இன்ஜினுக்கு ஏற்ற கனமான பாதை வேண்டாம், குதிரைகள் இழுக்கும் இலகுவான இருப்புப்பாதையே செலவுக்குக் கட்டுப்படும் என்று டெனிசன் வாதாடினார். தன் படையைச் சேர்ந்த கேப்டன் மார்ட்டிண்டேலை ரயில்வேக்குத் தலைமை ஆணையராக வரவழைத்தார். ஆனால் தலைமைப் பொறியாளர் ஜான் விட்டன் மசியவில்லை. இன்று குறைந்த செலவில் போட்டால் நாளை பிடுங்கிவிட்டு மறுபடியும் போட வேண்டியிருக்கும் என்று நின்றார். விட்டன் பக்கமே காலம் நின்றது. சிட்னிக்கு மேற்கே உள்ள நீல மலைகளைத் தாண்டிய நீராவிப் பாதை அவர் அமைத்தது.

ஆளுநருக்குத் தொழில் தெரியாமல் இருந்திருந்தால், துறைப் பொறியாளர் சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார். அரைகுறையாகத் தெரிந்தவர்களிடம் மாட்டிக்கொள்வதை விட, நன்றாகத் தெரிந்த மேலதிகாரியிடம் மாட்டிக்கொள்வது சில சமயம் கடினம் என்பதை நான் வேலை பார்த்த துறையில் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 22, மாலை

என்ன பார்த்தேன் என்று கேட்டதால் எழுதுகிறேன். பணியில் சேர்ந்த புதிதில் ஓர் ஏரியின் கலங்கலை உயர்த்தும் திட்டம் வந்தது. எங்கள் மேலதிகாரி கணக்கில் புலி. கலங்கலை உயர்த்தினால் எத்தனை கன அடி கூடுதலாக நிற்கும், ஆயக்கட்டில் எத்தனை ஏக்கர் இரண்டாம் போகம் விளையும் என்று ஒரே இரவில் போட்டுவிட்டார். எண்ணில் பிழையில்லை. ஏரியின் மேல்பக்கத்தில் பட்டா நிலம் வைத்திருந்தவர்களோ, தண்ணீர் ஏறினால் தங்கள் வயலில் நெஞ்சளவு நிற்கும் என்று கலங்கல்மீது உட்கார்ந்துவிட்டார்கள். "அவர்கள் உட்காருவதற்கு என் கணக்கில் இடமில்லை" என்றார் மேலதிகாரி. நகைச்சுவையாகச் சொல்லவில்லை, கோபமாகத்தான் சொன்னார். வேலை நின்றுபோனது. பிறகு வந்தவர் இரு தரப்பையும் கூட்டிப் பேசி, உயரத்தைப் பாதியாகக் குறைத்து முடித்தார். அவர் கணக்கில் அத்தனை புலி அல்லர்.

ஜனவரி 24

சிட்னியில் டெனிசனின் கடைசி நாட்களைப் பற்றிய முத்திரை விவகாரம். 1856இல் அங்கே பொறுப்பாட்சி வந்துவிட்டது. அதாவது அமைச்சர்கள் சட்டமன்றத்துக்குப் பொறுப்பு, ஆளுநர் அவர்கள் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். நீதிபதிகளையே விடுப்பில் போகச் சொன்னவர் இதை எப்படித் தாங்கினார் என்றால், எதிர்பார்த்ததை விட நன்றாகவே தாங்கினார். அமைச்சரவைகள் அடிக்கடி கவிழ்ந்தபோது நிதானமாகவே நடந்துகொண்டார்.

ஜான் டாவெல் என்பவர் கைதியாகச் சிட்னிக்கு வந்து, விடுதலையானபின் மருந்துக்கடை வைத்துப் பணக்காரரானவர். இங்கிலாந்துக்குத் திரும்பி ஒரு பெண்ணுக்கு விஷம் வைத்துக் கொன்று, ரயிலேறித் தப்பினார். மின்தந்தி அவருக்கு முன்னால் லண்டன் போய்ச் சேர்ந்ததால் பிடிபட்டு 1845இல் தூக்கிலிடப்பட்டார். அவருடைய சிட்னிச் சொத்து அரசுடைமையானது. அந்த நிலத்தைக் குடும்பத்துக்குத் திருப்பித் தரும்படி லண்டன் உத்தரவிட்டது. நிலம் பற்றிய அதிகாரம் இப்போது எங்களுடையது, லண்டன் தலையிட முடியாது என்றது கூப்பரின் அமைச்சரவை. பத்திரத்தில் அரசின் பெரிய முத்திரையைப் பதிக்க மறுத்தது. 1861 ஜனவரியில், கப்பலேறும் தறுவாயில், டெனிசன் முத்திரையை வாங்கித் தானே பதித்தார். அமைச்சர்கள் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். ஆளுநர் சென்னைக்குப் புறப்பட்டார்.

ஐந்தாண்டு நிதானம் கடைசி வாரத்தில் தீர்ந்துபோனது. மேலிடத்து உத்தரவு என்று ஒன்று வந்துவிட்டால் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்.

ஜனவரி 24, இரவு

திருத்தம் அனுப்பிய நண்பர் சொல்வது சரி, அமைச்சரவைத் தலைவரின் பெயர் கூப்பர் அன்று, சார்ல்ஸ் கௌப்பர்.

ஜனவரி 27

இப்போது சென்னை. வாக்காளர் இல்லை, பொறுப்பாட்சி இல்லை, நாய்க் கட்டணத்துக்கு வழக்காடும் குடியேறிகள் இல்லை. பொறியாளர் மனம்போல் கட்டுவதற்கு இதைவிட நல்ல களம் ஏது என்று நினைப்போம். டெனிசனும் அப்படித்தான் நினைத்து வந்திருக்கக்கூடும். வந்து பார்த்தால் சாவி கல்கத்தாவில் இருந்தது. 1857க்குப் பிறகு நிதி முழுவதும் மைய அரசின் பிடியில் போய்விட்டது. மாகாணம் சொந்தமாகப் பெரிய செலவு எதையும் செய்ய முடியாது. பாசனத்துக்குக் கூடுதல் பணம், மாகாணங்களுக்குக் கூடுதல் அதிகாரம் என்று அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

அவர் காலத்தில் நடந்தவை இல்லாமல் இல்லை. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை ரயில் பாதை 1862இல் முழுமையானது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர், திருச்சி வரை இன்னொரு பாதை. அதே 1862இல் உயர் நீதிமன்றம் தொடங்கியது. கர்னூல் – கடப்பா கால்வாயைத் தனியார் கம்பெனி ஒன்று வெட்டிக்கொண்டிருந்தது, அது ஆர்தர் காட்டன் போட்ட விதை. நீலகிரியில் மக்கைவர், கொயினா மருந்து தரும் சின்கோனா மரங்களை நட்டுக்கொண்டிருந்தார். இவற்றில் பெரும்பாலானவை அவர் வருவதற்கு முன்பே முடிவானவை. யார் ஆளுநராக இருந்திருந்தாலும் நடந்திருக்கும்.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு செய்தி. பெரியாற்று நீரை மலைக்குக் கிழக்கே திருப்பும் யோசனை ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளையின் காலத்திலேயே உண்டு. 1808இல் கேப்டன் கால்டுவெல் பார்த்துவிட்டு நடக்காத காரியம் என்று மூடிவைத்தார். அதை மீண்டும் திறந்து, மேஜர் ரைவ்ஸ் விரிவாக அளவெடுக்கத் தொடங்கியது 1862இல், டெனிசன் ஆட்சியில். அறிக்கை வந்தது 1867இல், அவர் போன பிறகு. அணை வேலை தொடங்கியது 1887இல். பொறியாளர் ஆளுநராக இருந்தும், அந்தத் தண்ணீர் மதுரைக்கு வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஜனவரி 28

சட்டமன்றத்தில் இந்தியர்கள் இடம்பெறுவதை அவர் எதிர்த்தார் என்று ஒருவர் குறிப்பிட்டிருக்கிறார். உண்மைதான், அதை மென்மையாக்க வேண்டியதில்லை. 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மன்றத்தில் முதல் இந்திய உறுப்பினராக வி. சடகோபாச்சார்லு அமர்ந்ததும் இவர் ஆளுநராக இருந்தபோதுதான். சட்டத்தை நடைமுறைப்படுத்தினார், கொள்கையாக ஏற்கவில்லை. ஹோபர்ட்டில் வெள்ளைக் குடியேறிகளின் ஜனநாயக உணர்வையே கட்டுப்படுத்த மேலவை வேண்டும் என்று லண்டனுக்கு எழுதியவர், இந்தியர்களிடம் மட்டும் தாராளமாக இருப்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

ஜனவரி 28, பின்னிரவு

இதை எழுதாமல் தூக்கம் வராது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதனின் தடயம் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது அன்றைக்குத்தான். ஆளுநர் மாளிகையிலிருந்து குதிரை வண்டியில் போய்விடும் தூரம். டெனிசனோ விவிலியத்தில் ஊறியவர், மனிதகுலம் அவ்வளவு பழமையானது என்னும் புதிய நிலவியலாளர்களோடு உடன்படாதவர். மனிதகுலத்தின் வயதைக் கணக்கிட்டு 1865இல் சென்னையிலேயே ஒரு சிறுநூலையும் அச்சிட்டார். எண்ணைக் கண்டால் விடமாட்டார் போலிருக்கிறது.

ஜனவரி 30

வைஸ்ராயாக இருந்தாரா என்ற கேள்விக்கு: தற்காலிகமாக இருந்தார். எல்ஜின் பிரபு 1863 நவம்பர் 20 அன்று தர்மசாலாவில் இறந்தார். சென்னையிலிருந்து டெனிசன் கல்கத்தா போய் டிசம்பர் 2 அன்று பொறுப்பேற்று, ஜான் லாரன்ஸ் வந்துசேர்ந்த ஜனவரி 12 வரை இருந்தார். இடையில் வடமேற்கு எல்லையில் அம்பேலா கணவாயில் பிரிட்டிஷ் படை சிக்கிக்கொண்டிருந்தது. தளபதி நெவில் சேம்பர்லைன் காயம்பட்டிருந்தார். படையைத் திரும்பப் பெறலாம் என்று கல்கத்தா மன்றம் முடிவெடுத்திருந்தது. டெனிசன் அதை ஏற்காமல், முன்னேறும்படி உத்தரவிட்டார். டிசம்பர் நடுவில் கணவாய் கைப்பற்றப்பட்டது. அவருடைய ஆதரவாளர்கள் இதைப் பெரிதாகச் சொல்வார்கள். தலைமைத் தளபதி ஹியூ ரோஸும் பின்வாங்கக் கூடாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 2

சிங்கப்பூர் அன்பர் எழுதிய குறிப்பு அருமை. ஹோபர்ட்டில் டெனிசனோடு பணியாற்றிய இளம் பொறியாளர் அதிகாரி ஆண்ட்ரூ கிளார்க்தான் பின்னாளில் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் காலனியின் ஆளுநர். 1874 ஜனவரியில் பங்கோர் ஒப்பந்தத்தை முடித்துப் மலாய் அரசான பேராக்கில், சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் பிரிட்டிஷ் ரெசிடென்டை உட்காரவைத்தவர் அவரே. சிங்கப்பூர் ஆற்றங்கரையின் கிளார்க் கீ அவர் பெயரில்தான் இருக்கிறது. அவருக்கு அடுத்து வந்த ஜெர்வாய்ஸும் ராயல் இன்ஜினியர்ஸ்காரர். அவர் காலத்தில் ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்டுப் பேராக் போரே நடந்தது.

யாழ்ப்பாணத்து அன்பர் குறிப்பிட்ட ஹென்றி மக்கலமும் அதே படை. சிங்கப்பூரில் காலனிப் பொறியாளராக இருந்து, 1907 முதல் 1913 வரை இலங்கை ஆளுநர். படித்த இலங்கையருக்குத் தேர்தல் உரிமை கொடுப்பதை அவரும் விரும்பவில்லை. லண்டன் ஒரே ஓர் இடத்தைக் கொடுத்தது. அந்த இடத்தை 1911 தேர்தலில் வென்றவர் பொன்னம்பலம் இராமநாதன். ஒரு தமிழர், பெரும்பாலும் சிங்களர் வாக்குகளில், சிங்களரான மார்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்தார். ஆளுநரின் கணக்கில் அதற்கும் இடம் இருந்திருக்காது.

பிப்ரவரி 5

ஜனவரி 17 அன்று விட்ட இடத்துக்கு வருகிறேன். பொறியாளரா, ராணுவக்காரரா? இத்தனை பேரை அடுக்கிப் பார்த்தபின் என் எண்ணம் சற்று மாறியிருக்கிறது. கால்வாய் வெட்டிய கையால் அரசியல் நடத்த முடியாது என்பது இல்லை. பொறியாளருக்குத் தடை என்றால் பாறை, வெள்ளம், பணம். இவை எதிர்க்கும், ஆனால் எதிர்வாதம் செய்யா. ராணுவத்திலோ எதிர்வாதம் செய்பவனுக்குத் தண்டனை. இரண்டும் ஒருவரிடம் கூடும்போது, மறுத்துப் பேசும் நீதிபதியும் அமைச்சரும் வயற்காரரும் வெறும் கோளாறாகத் தெரிகிறார்கள். டெனிசன் நேர்மையானவர், உழைப்பாளி, லஞ்சம் தொடாதவர். ஆனால் ஒருவர் "இல்லை" என்று சொல்வதற்கு அவருக்கென்று ஒரு காரணம் இருக்கலாம் என்பதைக் கேட்கும் பொறுமை மட்டும் அவரிடம் கடைசி வரை நிலைக்கவில்லை. பென்னிகுக்கை மக்கள் கும்பிடுவதற்கு, அவர் ஆளாமல் இருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பிப்ரவரி 6

சென்னையில் டெனிசனை நினைவூட்ட எதுவுமே இல்லையா என்றால், கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போங்கள். வெள்ளி உடலில் மூக்கிலிருந்து நடுவரை சிவப்புக் கோடு, அதன்கீழே வால்வரை கறுப்புக் கோடு, வால் துடுப்பில் மஞ்சளும் கறுப்பும். கடைக்காரர் "மிஸ் கேரளா" என்பார். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டும் வாழும் இந்த மீனை 1865இல் விவரித்த பிரான்சிஸ் டே, அப்போதைய சென்னை ஆளுநரின் நினைவாக அதற்கு டெனிசனி என்று பெயரிட்டார். தொட்டிமீன் வணிகத்துக்காக அள்ளிப் பிடித்ததில் இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. நான் பார்த்தபோது தொட்டியில் கூட்டமாக ஒரே திசையில், அணிவகுப்பைப் போலவே நீந்திக்கொண்டிருந்தன. பேரன் வாங்கச் சொன்னான். விலையைக் கேட்டு கப்பி மீனோடு திரும்பினோம்.

பிப்ரவரி 9

அவருடைய கடைசிப் பணியைச் சொல்லாமல் விட்டிருந்தேன். இங்கிலாந்து திரும்பியபின் 1868இல் ஆறுகள் மாசடைவதை ஆராயும் ஆணையத்துக்குத் தலைவரானார். உடன் இருந்தவர் வேதியியலாளர் எட்வர்டு ஃபிராங்க்லண்ட். லங்காஷயரின் மெர்சி, ரிபிள் ஆற்றுப் படுகைகளில் ஆலைக் கழிவும் நகரச் சாக்கடையும் கலந்த நீரை ஊர் ஊராக எடுத்துப் பகுப்பாய்வு செய்தார்கள். முதல் அறிக்கை 1870இல் வெளியானது. அடுத்த ஆண்டு ஜனவரி 19 அன்று டெனிசன் இறந்தார். சாயக்கழிவில் நொய்யலைப் பறிகொடுத்த நமக்கு அவர் ஆண்ட வரலாற்றை விட இந்த இரண்டாண்டு வேலை அதிகம் உதவும் என்பது என் கருத்து. உத்தரவு போடும் அதிகாரம் அங்கே அவருக்கு இல்லை, அளந்து சொல்லும் வேலை மட்டுமே இருந்தது.

பிப்ரவரி 11

ஹோபர்ட் தொகுதிக்கு நெடுங்காலம் டெனிசன் என்றிருந்த பெயரை மாற்றி "கிளார்க்" என்று வைத்துவிட்டார்களே, அது மேலே சொன்ன சிங்கப்பூர் கிளார்க்கா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. இவர் ஆண்ட்ரூ இங்கிலிஸ் கிளார்க், டெனிசன் ஆண்டுகொண்டிருந்த 1848இல் ஹோபர்ட்டில் பிறந்தவர், ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்துக்கு முதல் வரைவு எழுதியவர்களில் முதன்மையானவர், பின்னாளில் நீதிபதி. குடும்பத் தொழிலில் பயிற்சி பெற்றுப் பொறியாளராகி, பிறகு அதை விட்டுவிட்டுச் சட்டம் படிக்கப் போனவர்.